புரிந்ததுபோல் இருந்தேன்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்த ஊர் பேசும் ஸ்பானிஷை அண்மைக்காலம் வரை நான் கற்றுக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பலரும் ஒரு பெருமூச்சோடு சொல்லிவிட்டுப் போகிற விஷயம்தான் இது. நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்தது. மொழி புரியாமலேயே, புரிந்தவனைப் போல ஒரு முதிய பெண்மணியின் பக்கத்தில் மாலை மாலையாக உட்கார்ந்திருந்தேன். அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் இறந்த பிறகு அவருடைய மகனிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை என் மகளின் வாயால் சொல்லவைத்தேன்.

இதை எழுதாவிட்டால், ‘நேரம் கிடைக்கவில்லை’ என்று ஊருக்குச் சொன்னதைக் கடைசியில் நானே நம்பிவிடுவேன்.

நேரம் கிடைக்கவில்லை என்பது உண்மையல்ல. ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரான இந்த ஊரை ‘மெக்சிகோவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்பார்கள். மின்னணு ஆலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் தமிழர்களும் இருக்கிறோம். அலுவலகத்தில் ஆங்கிலம், வாடிக்கையாளர்கள் எல்லைக்கு வடக்கே. சட்டமும் என்னை நெருக்கவில்லை. தற்காலிகக் குடியிருப்பு அனுமதியில் 4 ஆண்டுகள் இருந்தால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அதற்கு மொழித் தேர்வு கிடையாது. குடியுரிமை கேட்டால்தான் ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவரை 600 முதல் 750 வகுப்பு மணி நேரத்தில் வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் பேசவைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த அளவு நேரத்தை நான் கைபேசியில் தமிழ்த் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்தே பலமுறை கரைத்திருக்கிறேன்.

கடினமான மொழி என்பதும் உண்மையல்ல. அதுவும் தமிழனுக்கு அல்லவே அல்ல. உயிரொலிகள் ஐந்துதான். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரம் நம் வாயில் மெலிவதுபோலவே அவர்கள் வாயில் d ஒலி மெலிகிறது. ‘அது’ என்று நாம் சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறதோ அங்கேதான். வினையின் முடிவிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் ‘வந்தேன்’ என்றாலே போதும், ‘நான்’ தேவையில்லை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு மறந்துவிட்டது’ என்று நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படித்தான் அவர்களும் ‘எனக்கு’ப் போட்டுச் சொல்கிறார்கள். அந்த இடங்களில் ஆங்கிலத்தார் திணறுவார்கள். நமக்குப் பழகிய வழி. ‘சின்ன வயதில் ஆற்றுக்குப் போவோம், மீன் பிடிப்போம்’ என்று வழக்கமாகச் செய்ததைச் சொல்கிறோமே, அதற்கென்றே அவர்களிடம் தனியாக ஓர் இறந்தகாலம் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதும், ஆசையையும் ஐயத்தையும் சொல்வதற்கு வினை வேறு உருவம் எடுப்பதும்தான் உழைப்பு கேட்பவை.

இவை எல்லாம் முதல் ஆண்டிலேயே எனக்குத் தெரியும். புத்தகம் வாங்கினேன். செயலியில் புள்ளி சேர்த்தேன். தாளில் தேர்வு வைத்தால் தேறியிருப்பேன். வாயைத் திறக்கவில்லை.

காரணத்தைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருதுநகர் பக்கம் ஓர் ஊரில் தமிழ்வழியில் படித்தவன் நான். பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டில் ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல எழுந்தேன்; வாக்கியம் பாதியில் நின்றுபோய், வகுப்பே சிரித்தது. வேலையில் சேர்ந்த பிறகும் கூட்டத்தில் பேச வேண்டியதை முதல் நாள் இரவே எழுதி உருப்போட்டுக்கொண்டு போவேன். அப்படிப் பாடுபட்டு ஆங்கிலத்தைப் பிடித்தேன். பிடித்த பிறகு, தடுமாறும் வாயோடு இன்னொருவர் முன்னால் நிற்கும் நிலை இனி வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுத்தது எனக்கே தெரியாது என்று சொல்ல மாட்டேன், நன்றாகத் தெரியும். காய்கறிக் கடையில் ஒரு பையன் என்னைத் திருத்துவதைவிட, விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவது எனக்குக் கௌரவமாக இருந்தது. இத்தனைக்கும் இந்த ஊரில் என்னைப் போன்ற வெளிநாட்டவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. தப்பும் தவறுமாகப் பேசினாலும் காத்திருந்து கேட்கிறார்கள். புரியாவிட்டால் ‘மாந்தே?’ என்று பணிவாகத் திரும்பக் கேட்கிறார்கள். உணவகத்தில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கடந்து போகிற முன்பின் தெரியாதவர் ‘ப்ரொவேச்சோ’ என்று வாழ்த்திவிட்டுப் போவார். இப்படிப்பட்ட மனிதர்களிடையே என் வாயைப் பூட்டி வைத்திருந்தேன்.

என் மனைவி பூட்டவில்லை. அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அதனால் காப்பாற்ற வேண்டிய பெருமையும் இல்லை. வாரம் ஒரு நாள் எங்கள் தெருவை அடைத்துப் போடும் சந்தைக்குத் தியாங்கிஸ் என்று பெயர். அங்கே புளி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், கொய்யா, சப்போட்டா என்று நம் சமையலுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைக்கும். முதல் மாதமே எண்களையும் காய்களின் பெயர்களையும் வைத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தாள். பால் தப்பும், காலம் தப்பும். ஆனால் மிளகாய் விற்கிறவரின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவள் பேசும் ஸ்பானிஷைக் கேட்டு, இலக்கணம் தெரிந்தவன் என்ற நினைப்பில், வீட்டில் அவளைத் திருத்தியிருக்கிறேன். அதுவும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இன்னொன்று. எண்பதுகள் முதல் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் எப்படிப் பேசப்பட்டது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும். மார்க்வெஸையும் போர்ஹெஸையும் தமிழில் படித்துவிட்டு, அந்த உலகம் எனக்கு நெருக்கம் என்று நண்பர்களிடம் பேசியவன் நான். ஹுவான் ருல்ஃபோ இந்த ஹலிஸ்கோ மண்ணில் பிறந்தவர். அவர் பெயர் நிலைக்க 1953-இலும் 1955-இலும் வந்த இரண்டு சிறிய நூல்கள் போதுமானதாக இருந்தன. இந்த ஊரில் 1987-இலிருந்து நடக்கும் புத்தகக் கண்காட்சிதான் ஸ்பானிஷ் உலகின் மிகப்பெரியது. 2019-இல் அங்கே இந்தியாதான் சிறப்பு விருந்தினர் நாடு. அரங்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரிப் பெண் நின்றாள். நீங்கள் பேசுவது எந்த மொழி, அதற்கு எழுத்து எப்படி இருக்கும், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று ஆசையாகக் கேட்டாள். கேள்வி புரிந்தது. பதில் என்னிடம் ஏராளமாக இருந்தது. ‘ஆங்கிலத்தில் பேசலாமா?’ என்றேன். அவளுக்கு அது வராது. வருத்தத்தோடு சிரித்துவிட்டு நகர்ந்தாள். தமிழைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அவளுக்கு நான் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் வெயில் தாழ்ந்ததும் நாற்காலிகளைத் தூக்கிவந்து வாசல் நடைபாதையில் போட்டு உட்கார்வார்கள். திண்ணை இல்லாத குறைக்கு நடைபாதையே திண்ணை. எதிர்வீட்டில் தன் தங்கை மகளோடு இருந்த அந்த அம்மா தினமும் வந்து உட்கார்வார். தங்கை மகள் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவாள். நாங்கள் குடிவந்த புதிதில் எங்கள் மகளைப் பள்ளி முடிந்ததும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மகள் அவரை ‘அபுவே’ என்றாள், பாட்டி. அவர் என்னை ‘வெஸினோ’ என்றார், பக்கத்து வீட்டுக்காரரே என்று. வேலை முடிந்து நான் வாசலுக்கு வந்தால் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கும். உட்கார்வேன். அவர் பேசுவார்.

முதலில் ஒன்றிரண்டு சொற்களைப் பிடித்து ‘ஸீ, ஸீ’ என்றேன். அவர் பேச்சு வேகமானது. தெற்கு ஹலிஸ்கோவின் கிராமத்துப் பேச்சு. ‘புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்’ என்பதை ஸ்பானிஷில் சொல்ல எனக்குத் தெரியும். முதல் வாரமே சொல்லியிருந்தால் அவர் மெதுவாகச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொன்னால், இதுவரை புரியாமலா தலையாட்டினாய் என்று ஆகிவிடும். ஒரு வருடம் கழித்துச் சொல்லவே முடியாது. அவர் குரல் ஏறினால் புருவத்தை உயர்த்தினேன். இறங்கினால் பெருமூச்சு விட்டேன். நடுவில் ‘க்ளாரோ’, ‘அஸீ எஸ்’ என்று ஆமோதித்தேன். அவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது. எனக்கு ஊரோடு ஒட்டி வாழ்கிறேன் என்ற நினைப்பு வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து அழைக்கும் நண்பர்களிடம், தினமும் மெக்சிகோ பாட்டி ஒருவரோடு கதை பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது மகள் கேட்டாள்: “அப்பா, அபுவே தங்கச்சி செத்துப்போனதைச் சொல்லிட்டிருந்தாங்க. நீங்க ஏன் சிரிச்சீங்க?”

பேசி முடிக்கையில் அவர் சிரித்தார், அதனால் நானும் சிரித்தேன் என்றேன். “அவங்க அழுகை வரக்கூடாதுன்னு சிரிச்சாங்கப்பா” என்றாள்.

அன்றாவது நான் விழித்திருக்க வேண்டும். மறுநாளே ஒரு வாத்தியாரைத் தேடியிருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை, பெருமூச்சு விடவும் இல்லை. எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன். அது நன்றாகவே வந்தது. மொழிக்குச் செலவிட மறுத்த கவனத்தை அந்த முகத்துக்குச் செலவிட்டேன்.

மகளுக்குப் பள்ளியில் ஆறே மாதத்தில் ஸ்பானிஷ் வந்துவிட்டது. வந்த அன்றிலிருந்து அவளை வேலைக்கு வைத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எரிவாயு கொண்டுவருபவர், வங்கி, வீட்டுச் சொந்தக்காரர், குழாய் ரிப்பேர் என்று எல்லா இடத்திலும் அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால் நின்றேன். குடியேறிய குடும்பங்களில் இது எங்கும் நடப்பதுதான். பெருமையாகக்கூட இருந்தது. மனைவிக்கு ஒருநாள் அதிகமாக உதிரம் போய் அருகிலிருந்த மருத்துவரிடம் ஓடினோம். அவர் படத்தைக் காட்டிப் பேசினார். கருப்பையில் வருகிற சாதாரண நார்க்கட்டி, ஆபத்தில்லை, அறுவை செய்து எடுத்துவிடலாம் என்பதுதான் அவர் சொன்னது. மனைவியின் சந்தை ஸ்பானிஷுக்கு அது எட்டவில்லை. இது எங்களுக்குத் தெளிவானது மறுவாரம் ஆங்கிலம் தெரிந்த இன்னொரு மருத்துவரிடம் போன பிறகு. அன்று மகளுக்கு அதில் பாதிச் சொற்கள் தெரியாது. “அம்மாவுக்கு உள்ளே கட்டி இருக்காம், வெட்டணுமாம்” என்றாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை, தன் தாயின் கருப்பையைப் பற்றி, ஆண் மருத்துவர் சொன்னதைத் தகப்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் இரவில் எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறாள். பல மாதம் கழித்துத்தான் அதைச் சொன்னாள்.

எங்கள் ஊரை ஒட்டியுள்ள சபோபானில் பெரிய தேவாலயத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் உய்ச்சோல் பழங்குடிப் பெண்கள் மணி கோத்த வளையல்களை விற்பார்கள். தங்களை அவர்கள் விராரிக்கா என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வடக்கு ஹலிஸ்கோவின் மலைகள் அவர்கள் ஊர். அவர்களுடையது ஸ்பானிஷோடு எந்த ஒட்டும் இல்லாத தனி மொழி. மெக்சிகோ 2003-இல் கொண்டுவந்த மொழி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தேசிய மொழிகளாக எண்ணப்படும் 68 பழங்குடி மொழிகளில் அதுவும் ஒன்று. வளையல் வாங்கும்போது மகள் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். விற்க வந்த பிறகு கடைவீதியில்தான் ஸ்பானிஷ் கற்றேன், பலர் கேலி செய்தார்கள், இன்னும் சரியாக வராது என்றாராம் அவர். சொல்லிவிட்டு மடியிலிருந்த குழந்தையிடம் தன் மொழியில் எதையோ சொன்னார். அவர் கேலியைத் தாங்கிக்கொண்டு கற்றார், கற்காவிட்டால் சோறில்லை. கற்காமல் இருக்கும் வசதி எனக்கு இருந்தது. நான் பயம் என்று சொல்லிவந்ததில் பாதி இந்த வசதிதான்.

சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு வடநாட்டுக் குடும்பம் இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் பேசாதவர்கள். அவர்களைப் பற்றி நான் பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. இந்த ஊர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இந்த ஊர் மனிதரிடம் ஒரு சொல் பேசமாட்டார்களா என்று கோபப்பட்டேன். அந்தக் கோபம் தவறென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு; குடியிருக்கும் ஊரின் மொழியில் பக்கத்து வீட்டாரிடம் பேசுவது வேறு. முன்னது உரிமை, பின்னது மரியாதை. அந்த மரியாதையை மற்றவர்களிடம் கேட்டவன், தன் முறை வந்தபோது கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு அம்மா ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். இங்கே அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் ஜெபமாலை சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் ரொட்டியும் பட்டை போட்ட காப்பியும் கொண்டுவருவார்கள். நாங்களும் போனோம். துக்கம் கேட்பதற்கு எல்லோரும் சொல்லும் வாசகத்தை மனைவி தட்டுத்தடுமாறிச் சொல்லி, அந்தத் தங்கை மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு ஒரே மகன். கலிஃபோர்னியாவில் இருக்கிறார். இந்த மாநிலத்திலிருந்து வடக்கே போன லட்சக்கணக்கானவர்களில் ஒருவர், ஆவணம் இல்லாமல் போனவர். 1996-இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி அங்கே இருந்தவர் வெளியேறினால் 10 ஆண்டுகளுக்குத் திரும்ப நுழையத் தடை. அவருடைய மனைவி மக்கள் அங்கே. தாயின் அடக்கத்துக்கு அவர் வரவில்லை. வந்தால் பிள்ளைகளை விட்டுவிட வேண்டும். ஜெபம் முடிந்ததும் கைபேசியில் முகம் காட்டி ஒவ்வொருவரிடமும் பேசினார். தங்கை மகள் கைபேசியை என்னிடம் நீட்டி, இவர்தான் அத்தனை மாலையும் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்தவர் என்றாள்.

அவர் அழுதுகொண்டே ஏதோ கேட்டார். மகள் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா உங்ககிட்ட என்ன பேசினாங்கன்னு கேக்கறார். போன்ல பேசும்போது, நல்லா இருக்கேன், கவலைப்படாதேன்னு மட்டும்தான் சொல்வாங்களாம். மத்ததெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறார்.”

அந்த அறையில் அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். அவர் தாய் பேசியதை உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான். என்னிடம் எதுவும் இல்லை. “உன்னைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க, பெருமையா பேசுவாங்கன்னு சொல்லு” என்றேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒன்றுமே புரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு கணம் நின்றுவிட்டு, நல்ல ஸ்பானிஷில் அதைச் சொன்னாள். அவர் நன்றி சொன்னார். பிறகும் பலமுறை சொன்னார்.

ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். தாய் மகனைப் பற்றிப் பேசாமலா இருப்பார்? ஆனால் எனக்குத் தெரிந்து சொன்னதில்லை அது. அவருக்கு உரிய ஒன்று என் பக்கத்தில் கொட்டப்பட்டு, நான் எடுத்து வைக்காமல் போய்விட்டது. அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது வகுப்புக்குப் போகிறேன். உடன் படிப்பவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். தப்பாகப் பேசுகிறேன், திருத்துகிறார்கள், மறுபடி பேசுகிறேன். பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை என்பது பெரிய துயரமாக இருக்கிறது. வங்கிக்கும் மருத்துவரிடமும் மகளை அழைத்துப்போவதில்லை. வாசலில் நின்று தெருக்காரர்களோடு பேசுகிறேன். முதல் வாக்கியமாக, புரியவில்லை என்றால் சொல்லிவிடுவேன் என்கிறேன்.

அந்த மாலைகளை மட்டும் திரும்பப் பிடிக்க முடியவில்லை. இப்போது தெரிந்த ஸ்பானிஷைக் கொண்டு அப்போது கேட்டதை நினைவிலிருந்து எடுத்துவிடலாம் என்று இரவுகளில் முயன்று பார்த்தேன். புரியாத மொழியில் கேட்டது நினைவில் தங்குவதில்லை. தங்கியிருப்பவை பெயர்கள்தான், ஊர்ப்பெயர்கள். சாயுலா, ருல்ஃபோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் என்பதால் காதில் நின்றிருக்கிறது. தல்பா, மலை ஏறி நடந்தே போகும் யாத்திரைத் தலம். ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியாவின் வயல்களுக்கு நடுவே இருக்கும் நகரம். இந்த மூன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவர் அறைக்காகவும், கைபேசியில் அவளைச் சொல்லவைத்ததற்காகவும். அவள் வளர்ந்துவிட்டாள். “என்கிட்ட கேட்டது சரிப்பா. அந்த அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள்.

சொல்லவில்லை. அவர் எண்ணைத் தங்கை மகளிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். இதை அச்சுக்கு அனுப்பும் முன் அழைத்துவிடுவது என்று இருக்கிறேன், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல். சொல்ல வேண்டியதை என் ஆசிரியரிடம்கூடக் காட்டாமல் நானே எழுதியிருக்கிறேன், பிழைகள் இருக்கும். உங்கள் அம்மா பேசியது எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் இருந்தேன். அன்று உங்களிடம் சொன்னது நானாகச் சொன்னது. சாயுலா, தல்பா, ஃப்ரெஸ்னோ என்ற மூன்று பெயர்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. தல்பாவுக்கு நடந்து போனது அவரா, நீங்களா? ஃப்ரெஸ்னோவில்தான் நீங்கள் முதலில் வேலை பார்த்தீர்களா? உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.